மாமாவின் சதுரப் படங்கள்

சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் எதுவும் காயாது. கொடியில் கிடக்கும் துண்டு, அம்மா தார்சாவில் விரித்த வற்றல், பின்கட்டு அறையில் மாமா கிளிப் மாட்டித் தொங்கவிட்ட படங்கள் எல்லாம் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அந்த அறையிலிருந்து, படம் கழுவும் ஹைப்போவின் புளித்த நெடி வரும். தெருவிலிருந்து, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்களின் நல்லெண்ணெய் வாசம் வரும். இரண்டும் கலந்து மூக்கில் ஏறினால்தான் எனக்குச் சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மாமா அம்மாவுடைய தம்பி. தென்காசியில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். ஆனியில் சாரல் விழுந்ததும் அதைப் பூட்டிவிட்டுக் குற்றாலத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிடுவார். காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு, யாஷிகா கேமராவைக் குழந்தையைப்போல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பேரருவிக்குப் போவார். இரண்டு கண் வைத்த கேமரா. கழுத்தில் மாட்டினால் நெஞ்சுக்கு நேரே தொங்கும், தலையைக் குனிந்து மேலே உள்ள மூடிக்குள் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். விருதுநகர், கோவில்பட்டி, புனலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து குளித்துத் தலை துவட்டி நிற்கும் குடும்பங்களிடம், “அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடுவமா?” என்று கேட்பார். விலாசத்தை நீள நோட்டில் எழுதிக்கொண்டு, படத்தைக் கழுவிப் போட்டுத் தபாலில் அனுப்புவார். கவருக்குக் கோந்து தடவுவது என் வேலை.

அருவியைப் படமெடுப்பது லேசான காரியமில்லை என்று அடிக்கடி சொல்வார். “அருவிக்கு வச்சா மூஞ்சி கருத்துரும்ல. மூஞ்சிக்கு வச்சா அருவி வெளுத்துச் சுண்ணாம்பாப் போயிரும்.” போதாததற்கு லென்ஸின் மேல் சாரல் வேறு பூத்தூவலாக வந்து உட்காரும். துண்டு நுனியால் ஒற்றி ஒற்றி எடுப்பார்.

அப்படி ஒரு சாரலில்தான் நிலாவில் மனுசன் இறங்கினான். 1969 ஜூலை 21, திங்கட்கிழமை. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது நம் ஊரில் காலை எட்டரை மணிகூட ஆகவில்லை. டீக்கடை ரேடியோவில் செய்தி சொன்னதும் நான் தெருவுக்கு ஓடி, கையைப் புருவத்தில் வைத்து அண்ணாந்து பார்த்தேன். திரிகூட மலை முழுக்க மேகம். மேகம் விலகியிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் கால் வைத்த அந்நேரம் நிலா நம் வானத்தில் உதிக்கவே இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, உதிக்காத நிலாவை வெகுநேரம் தேடினேன். ஆச்சிக்குத்தான் மனசு ஆறவில்லை. “சாமி தலையில இருக்கறதுல்லா, அதுல போயி ஏறி நின்னுட்டானுவளே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நிலாவில் எடுத்த படங்கள் எங்களுக்கு வந்து சேர ஆவணி ஆகிவிட்டது. பங்களாவில் தங்கியிருந்த ஸார் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை மாமாவிடம் கொடுத்து, முக்கியமானதைப் படித்து அர்த்தமும் சொல்லிவிட்டுப் போனார். படத்தைப் பார்த்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை, “ஏல, நம்ம சதுரந்தாம்ல!” நிலாவுக்குப் போனவர்கள் கொண்டுபோனது ஹாசல்பிளாட் கேமரா. அதுவும் சதுரப் படந்தான் எடுக்கும், அதையும் நெஞ்சில்தான் மாட்டியிருந்தார்கள். ஆனால் குனிந்து பார்க்க வழியில்லை. தலையைச் சுற்றிக் கவசம், கேமராவிலும் கண் வைத்துப் பார்க்கும் மூடி கிடையாது. உடம்பையே திருப்பி, குத்துமதிப்பாகக் குறிவைத்து எடுத்திருக்கிறார்கள். “பாக்காமலே எடுத்துருக்கான்ல” என்று மாமா பக்கத்தைப் புரட்டாமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

படத்தில் வானம் கன்னங்கரேலென்று கிடந்தது. ஒரு வெள்ளிகூட இல்லையே என்று கேட்டேன். “வெயில்ல வெள்ளைச் சட்டைக்காரன் நிக்கான், தரையும் பளபளங்குது. அதுக்கு வச்சா வெள்ளி எப்படி விழும்? நம்ம அருவி மாதிரித்தான்” என்றார். வானவியல் புத்தகங்களில் நான் பிற்பாடு படித்த விளக்கமும் அதுதான்.

ஆம்ஸ்ட்ராங்கோடு இறங்கிய ஆல்ட்ரின் நிற்கிற படத்தில், அவருடைய முகக் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஏதோ துணுக்கு தெரிந்தது. யாரென்று கேட்டேன். மாமா நெகட்டிவ் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்து கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்தார். மழை ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. “படம் எடுக்கிறவன்ல, அவனும் விழுந்துட்டான்” என்றார் மெதுவாக. நிலாவில் நடந்தபோது எடுத்த படங்களில் பெரும்பாலானவை ஆம்ஸ்ட்ராங் எடுத்தவை. அதனால் முதலில் கால் வைத்தவரைத் தெளிவாகக் காட்டும் கேமராப் படங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

எங்கள் வீட்டிலும் மாமா இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. முதுகில் இளவெயில் அடிக்கும்போது எடுத்த நெகட்டிவ்களின் அடியில் அவருடைய நிழல் விழுந்திருக்கும். கேமராவைப் பிடித்ததில் இரண்டு முழங்கையும் விரிந்து, காது வைத்த பானையைப்போல் இருக்கும். பிரிண்ட் போடும்போது அதை மறைத்து விடுவார். காசு கொடுத்தவன் படத்தில் நம் நிழல் எதற்கு என்பார். அந்த வாரம் ஐந்தருவியில் துண்டோடு நிற்கிற என்னை ஒரு படம் எடுத்தார். அதில் மட்டும் நிழலை அப்படியே விட்டிருந்தார். என் பாதத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது.

திரும்பி வரும்போது எடை குறைக்க, நெஞ்சில் மாட்டியிருந்த அந்தக் கேமராவை நிலாவிலேயே விட்டுவிட்டு பிலிமை மட்டும் கொண்டுவந்தார்கள் என்று பிறகொரு நாள் தெரிந்தபோது மாமா பதறிப்போனார். “கேமராவையா போட்டுட்டு வந்தானுவ!” கொஞ்சம் கழித்து அவரே சமாதானமானார். “பிலிம் வந்துட்டுல்லா.”

மாமா இப்போது இல்லை. அந்தப் படத்துக்குப் பிறகு வேறு படங்களிலும் அவர் நிழலை விட்டு வைத்திருப்பார் என்று எனக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை உண்டு. அந்த வருஷங்களில் உங்கள் வீட்டார் யாராவது பேரருவி முன்னால் ஈரத் தலையோடு நின்று படமெடுத்திருந்தால், அந்தச் சதுரப் படத்தின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் பாருங்கள். முழங்கை விரிந்த ஒரு நிழல் தெரிந்தால் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.