ஓடுபாதையில் பத்மநாபர்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள் மாலை வேளையில் விமானம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பங்குனி, ஐப்பசி மாதங்களில் பத்மநாப சுவாமி கோயில் உற்சவம் நிறைவடையும் நாட்கள் அவை. உள்ளூர்க்காரர்களுக்கு பைங்குனி, அல்பசி ஆராட்டு.

கோயிலிலிருந்து கிளம்பும் ஊர்வலம் வள்ளக்கடவு வழியாக ஓடுபாதைக்குள் நுழைகிறது. உடைவாள் ஏந்திய திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவர் உடன் நடக்க, பத்மநாபர், நரசிம்மர், கிருஷ்ணர் மூவரும் சங்குமுகம் கடலில் நீராடி, தீவட்டி வெளிச்சத்தில் அதே வழியில் திரும்புகிறார்கள். 1932இல் விமான நிலையம் பிறக்கும் முன்பே இது ஊர்வலப் பாதை. அதனால் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள்தான் வழிவிடுகின்றன.

இந்த நேர மாற்றம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. ஆனால், நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதியிலிருந்து வளைகுடாவுக்குத் திரும்புபவர் பல வாரம் முன்பே டிக்கெட் வாங்கியிருப்பார். விமானம் தாமதமானால் காத்திருக்கலாம். முன்னதாகக் கிளம்பினால்தான் ஆபத்து. விடுப்பின் கடைசி நாள் என்றால் வேலைக்கே சிக்கல். வெளிநாட்டுப் பயணிகள் மூன்று மணி நேரம் முன்பு வர வேண்டும் என்ற கணக்கை டிக்கெட்டில் உள்ள நேரத்திலிருந்து அல்ல, புதிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஊர்வலச் சாலைகளின் நெரிசலுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

2021இல் விமான நிலையம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. வழக்கம் மாறவில்லை.