அம்மாவின் அறைக்கு எட்டாத அலை

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடு. சுண்ணாம்புச் சாந்தினால் கட்டப்பட்ட அதன் சுவர்கள் ஒன்றரை அடி தடிப்பானவை. வெயிலைத் தடுக்கும் இச்சுவர்கள் ஒருநாள் வைஃபை அலையையும் தடுக்கும் என்பதை அவற்றைக் கட்டிய என் பாட்டனார் அறிந்திருக்க நியாயமில்லை. இணைய இணைப்பு வந்துசேர்வது முன் மண்டபத்துக்கு. அம்மா படுத்திருந்ததோ குசினிக்கு அருகேயுள்ள பின்னறையில். இடையே மூன்று சுவர்கள்.

2022இன் தொடக்கத்தில் அம்மாவால் எழுந்து நடமாட முடியாமற் போயிற்று. அதுவரை ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு மண்டபத்துக் கதிரையில் இருந்தபடி, ரொறன்ரோவிலிருக்கும் என் தம்பியோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவார். இனிப் பின்னறைக்கு அலையைக் கொண்டுபோகவேண்டும். இடையில் தம்பியின் முகம் உறைந்துபோனால் அதை அம்மா தொடர்புக் கோளாறு என்று எடுத்துக்கொள்வதில்லை. “ஏன் அவன் கதைக்கிறானில்லை? என்னோடை கோபமோ?” என்று கேட்பார். ஞாபகம் தளர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. விளக்கம் சொல்லிப் பயனில்லை.

அலுமாரியில் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தது. இரண்டு ரவுட்டர்களைக் கம்பியில்லாமல் இணைத்துப் பாலமாக்கலாம் என்றும், அந்த வசதிக்கு டபிள்யூடிஎஸ் என்று பெயர் என்றும் அறிந்தேன். கம்பி இழுத்திருந்தால் இத்தனை பாடு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சுவர் துளைக்கும் இயந்திரத்தின் ஓசையை அம்மா தாங்கமாட்டார். ஏன் என்பதை எம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

முதல் நாள், பின்னறையில் கைத்தொலைபேசி அலைச்சின்னம் முழுதாகக் காட்டியது. இணையம் மட்டும் இல்லை. கலைப்பட்டதாரியான எனக்கு இது விளங்க இரண்டு இரவுகள் பிடித்தன. இரண்டு ரவுட்டர்களுமே 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் அமர்ந்திருந்தன. போதாக்குறைக்கு, வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்னும் வேலையை இரண்டுமே செய்துகொண்டிருந்தன. ஒரே பத்திரிகைக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் என்ன நேரும் என்பதை நான் நேரில் கண்டவன். பின்னையதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, அதன் டிஎச்சிபியை நிறுத்தினேன். அம்மாவின் மேசையிலிருந்து அதை நடைவழிக்கு மாற்றினேன். தனக்கே அலை எட்டாத இடத்தில் இருப்பது பிறருக்கு எதைக் கொடுக்கும்? இணையம் வந்தது. ஒரே வானொலிக் கருவி வாங்கவும் வேண்டும், திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்பதால் வேகம் பாதியாயிற்று. முகம் பார்க்க அது போதும்.

ஆனால் அடுத்த ஞாயிறு பாலம் இல்லை. திங்கள் இருந்தது. புதனன்று மறுபடி இல்லை. கடைக்காரர் சுவரைக் குறைசொல்லி, விலைகூடிய புதிய கருவி ஒன்றைக் காட்டினார். நானும் சுவரையே நொந்தேன். நேற்று விட்ட அதே சுவர் இன்று ஏன் மறிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் பிறரைக் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவனுக்கு இது அழகல்ல.

அது மின்வெட்டுக் காலம். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றது. அம்மாவுக்கு அது புதிதல்ல. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாதபோது, தம்பி சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றுவான், சிலவேளை நிறுத்திவைத்து ஏறி உழக்குவான். டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி பாட, அம்மா பிபிசி தமிழோசை கேட்பார். அவன் களைத்தால் செய்தியும் களைக்கும்.

ஒரு மாலை, அணைந்துபோன திரையைப் பார்த்தபடி அம்மா சொன்னார்: “மோனை, கரண்ட் போய் வந்தால்தான் அவனுக்குக் கோபம் வருது.”

ஓடிப்போய் முன்மண்டப ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அலைத்தடத்தைத் தானாகத் தெரிவுசெய்யும்படி நானே விட்டிருந்தேன். மின்சாரம் வந்து புத்துயிர் பெறும்போதெல்லாம், அது அயல்வீட்டு அலைகளை நோட்டம்விட்டு நெரிசல் குறைந்த தடம் ஒன்றுக்கு மாறியது. நடைவழியிலிருந்ததோ நான் முதலில் எழுதிவைத்த 6ஆம் தடத்திலேயே காத்திருந்தது. தற்செயலாக இரண்டும் ஒன்றுபட்ட நாட்களில் பாலம் இருந்தது. மற்ற நாட்களில் இல்லை. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்பார்கள். எங்கள் ஒழுங்கையில் 11இல் கூட்டம் குறைவு. இரண்டையும் அதிலே நிலைநிறுத்தினேன். வேண்டுமென்றே மின்சாரத்தை மூன்று தடவை நிறுத்திப் போட்டேன். மூன்று தடவையும் பாலம் மீண்டது.

அந்த ஞாயிறு மின்சாரம் ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தது. ஆறு மணிக்குத் தம்பியின் முகம் திரையில் தெளிவாக வந்தது. அம்மா நெடுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “உழக்கி உழக்கிக் கால் நோகுதோ, மோனை?”

தம்பி ஒரு கணம் தாமதித்தான். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் நடைவழியை எட்டிப் பார்த்தேன். விளக்குகள் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன.

“இல்லையம்மா,” என்றான். “இப்ப நோகேல்லை.”