காரும் காதும்

சத்தத்தில் இரண்டு ரகம் உண்டு என்பது என் அபிப்பிராயம். மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விசில் இவையெல்லாம் முதல் ரகம். போடுகிறோம், காரியம் முடிகிறது, நிறுத்திவிடுகிறோம். இரண்டாவது ரகம், நாம் நிறுத்த முடியாதது. நிறுத்த முடியாது என்பதாலேயே, அது சத்தம் என்பதையும் மறந்துபோகிறோம். ஓடுகிற காருக்குள் 'ஹோ' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறதே, அந்த இரைச்சல் இந்த ரகத்தைச் சேர்ந்தது. பாட்டை உரக்க வைத்து அதை மூடப் பார்ப்போம். நம் குரலையும் ஒரு படி உயர்த்திக்கொள்வோம். ஊர் போய்ச் சேர்ந்து தலையை வலித்தால் வெயிலின் மேல் பழியைப் போடுவோம்!

சகோதரிகளே, கார் சமாசாரம் என்றதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இதில் குடும்ப விஷயமும் இருக்கிறது, மாமியாரும் இருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரர் தமது 52-வது வயதில் ஒரு சிவப்புக் கார் வாங்கினார். 'ஸ்போர்ட்டி' என்கிறார்களே, அந்த ஜாதி. பதுங்கிப் பாயப்போகும் பூனை மாதிரி தாழ்வாக நிற்கும். 17 அங்குலச் சக்கரம், அகலமான டயர், விறைப்பான ஸ்பிரிங். வாரத்தில் ஐந்து நாள் அதை ஓட்டுகிறவள் நான்தான். உள்ளதைச் சொன்னால், வளைவுகளில் அதைத் திருப்புவதில் எனக்கும் ஒரு குஷி உண்டு.

குஷி இல்லாதவர் என் மாமியார். வயது 78, இரண்டு காதுக்கும் கருவி. மாதம் ஒரு தடவை புதுச்சேரியில் இருக்கும் அவருடைய தங்கையைப் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக அழைத்துப் போவோம். பழைய காரில் வழி நெடுகப் பேச்சுத்தான். மாமல்லபுரம் வருவதற்குள் அவருடைய கல்யாணத்தில் நடந்த சம்பந்திச் சண்டை முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். புதுக் காரில் இரண்டாவது மாதம் நான் ஒன்றைக் கவனித்தேன். கோவளம் தாண்டியதும் அவர் மெள்ளக் காதுக் கருவிகளைக் கழற்றினார். சின்ன டப்பாவில் போட்டு மூடினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேத்தி ஏதோ கேட்டாள். பதில் இல்லை. நாலு பேர் உள்ள காரில் அவர் மட்டும் தனியாகப் பிரயாணம் செய்துகொண்டிருந்தார்.

நாலாவது மாதம், "இந்தத் தடவை நான் வரல்லே, ஃபோன்லேயே பேசிக்கறேன்" என்றார்.

"ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று பதறினார் பிள்ளை.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லேப்பா. உன் கார் ரொம்பப் பேசறது. அது பேசறப்போ வேறே யார் பேசறதும் எனக்குக் கேக்கல்லே."

தங்கைக்கு 74 வயது. இருவருக்கும் இன்னும் எத்தனை பிரயாணம் பாக்கி இருக்கிறதோ, யார் கண்டார்கள்? ஆகவே இந்தக் காரைப் பேசாமல் இருக்கப் பழக்குவது என்று நான் தீர்மானித்தேன்.

முதலில் காது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வயதானால் பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகின்றன. பேச்சில் க, ச, ட, ப போன்ற மெய்யொலிகளின் அடையாளம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் பட்டு, கட்டு, தட்டு எல்லாம் ஒரே மாதிரி விழும். அதற்குமேல் டயரின் கனத்த 'ஹோ' சேர்ந்தால் மிச்சமிருப்பதையும் அது மூழ்கடித்துவிடும். காதுக் கருவி பேச்சைப் பெரிதாக்குவது போலவே இரைச்சலையும் பெரிதாக்கும். அப்புறம் டப்பாவில் போடாமல் என்ன செய்வார், பாவம்!

சரி, கார் ஏன் இப்படிப் பேசுகிறது? நிதானமான வேகத்தில் என்ஜின் சத்தத்தைவிட டயர் சத்தமே ஜாஸ்தி. மணிக்கு 40, 50 கிலோமீட்டர் தாண்டியதும் அதன் ராஜ்யம் ஆரம்பமாகிவிடும். டயரின் பூப்பட்டைகள் சாலையில் படபடவென்று அடிக்கின்றன. பட்டைகளுக்கு நடுவே அகப்பட்ட காற்று பிதுங்கி வெளிவருகிறது. டயருக்கு உள்ளே இருக்கும் காற்று, குடத்துக்குள் ஊதினாற்போல, 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வாக்கில் ரீங்காரம் செய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சத்தம் சுமார் 10 டெசிபல் ஏறும். நம் காதுக்கு அது இரண்டு மடங்கு உரப்பாகத் தோன்றும்.

ஸ்போர்ட்டி காரில் இது இன்னும் அதிகம். அகலமான டயர், கணக்கில்லாத ஜல்லிக்கல்லைத் தொடுகிறது. டயரின் பக்கச் சுவர் குட்டையாக இருப்பதால் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளாமல் மேலே தள்ளிவிடுகிறது. விறைத்த ஸ்பிரிங்கும் கெட்டி ரப்பரும் அதை அப்படியே தகட்டுக்கு அனுப்புகின்றன. தவிரவும், பின்கதவு மேலே தூக்கும் காராக இருந்தால் டிக்கிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே சுவரே கிடையாது!

எது டயர் சத்தம் என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரே வேகத்தில் வழவழப்பான தார்ச் சாலையிலிருந்து ஜல்லி துருத்திய சாலைக்கோ சிமெண்டுச் சாலைக்கோ போகும்போது சத்தம் மாறினால் அது டயர். கியர் மாற்றும்போது மாறினால் என்ஜின். காற்று வீசும் பக்கம் பொறுத்து மாறினால் கதவு ரப்பர். ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் திருப்பும்போது 'ஊம்' என்ற முனகல் ஏறி இறங்கினால் சக்கர பேரிங் போயிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் உடனே காட்டிவிட வேண்டும். அது சத்தப் பிரச்னை இல்லை, உயிர்ப் பிரச்னை.

இனி நான் செய்தவற்றை, செலவில்லாததிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, இடம் மாற்றம். பின் சீட் கிட்டத்தட்டப் பின் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. மாமியாரை முன் சீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏ.ஸி. விசிறியை ஒரு படி குறைத்தேன். 100-ல் போகிற இடத்தில் 80-ல் போகச் சொன்னேன். அதற்கே சுமார் 3 டெசிபல் குறையும். வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "80-ல் போவதற்கு இந்தக் கார் எதற்கு?" என்றார். "புதுச்சேரி போவதற்கு" என்றேன்.

இரண்டாவது, காற்று. கதவைத் திறந்தால் பக்கத்துச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். எங்கள் டயர்களில் அதைவிட மிஞ்சி அடைத்திருந்தது, டயர் கல்லாகிவிட்டது. அத்துடன் வீல் அலைன்மென்டும் பார்க்கச் சொன்னேன். டயரைக் கையால் தடவிப் பாருங்கள்; ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் அரிவாள்மணைப் பல் மாதிரியும் இருந்தால், ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்து அதுவே உறுமும்.

மூன்றாவது, கதவு பீடிங். ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் வந்துவிட்டால் அங்கே ரப்பர் அமுங்கவில்லை என்று அர்த்தம். சின்னச் சந்துதானே என்று எண்ணாதீர்கள். ஒரு தடுப்பில் 100-ல் 1 பங்கு ஓட்டை இருந்தால், மிச்சம் 99 பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கொசுவலையில் ஓட்டை இருந்தால் வலை இருந்தும் என்ன பயன்?

நான்காவதுதான் தகடு வேலை. அண்ணாசாலையை ஒட்டி உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த தெரு ஒன்று இருக்கிறதல்லவா? அங்கே ஒரு கடைக்காரர், "கார் முழுக்க ஒட்டிடலாம்மா, பூஜை அறை மாதிரி இருக்கும்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையில் நிஜமாகவே பூஜை அறை கட்டிவிடலாம். நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

நம் வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டினால் 'ணங்ங்' என்று நீளுகிறது. விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு தட்டினால் 'டொக்' என்று அடங்கிவிடுகிறது. தாம்பாளம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. காரின் தகடும் அப்படியே. அலுமினியத் தாள் ஒட்டிய ப்யூட்டைல் ரப்பர் ஷீட்டைத் தகட்டின் நடுவில் கால் பங்கு இடத்தில் அழுத்தி ஒட்டினால் அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். விலை மலிவென்று தார் ஷீட் வாங்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் இளகி நாறும்.

ஆனால் ஷீட் அதிர்வைத்தான் அடக்கும். காற்று வழியே வரும் சத்தத்தை அது தடுக்காது. அதற்குக் கனமான தடுப்பு வேண்டும். சதுர மீட்டருக்கு சுமார் 5 கிலோ எடையுள்ள கனத்த வினைல் விரிப்பு இதற்கென்றே கிடைக்கிறது. அதைத் தகட்டின் மேல் நேரே போடாமல், நடுவில் தண்ணீர் ஊறாத மெத்து ஃபோம் வைத்துப் போட வேண்டும். அதிரும் தகட்டிலிருந்து அது விலகி இருந்தால்தான் பயன்.

இதைக் கார் முழுவதும் செய்யவில்லை. சத்தம் வருகிற இடம் தெரிந்துவிட்டதே! டிக்கித் தரை, ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பின் சக்கரங்களுக்கு மேலே உள்ள கூடு, கால் வைக்கும் தரை ஆகிய இடங்களில் மட்டும் செய்யச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். காரின் எடை ஏறத்தாழ 15 கிலோ கூடியது. "வேகம் போச்சு" என்றார் வீட்டுக்காரர். "வாரம் இரண்டு நாள் வடையை நிறுத்துங்கள், சரியாகிவிடும்" என்றேன்.

இதில் இரண்டு எச்சரிக்கை. கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும்; அவற்றை அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். பக்கத் தூண்களிலும் கூரை ஓரத்திலும் காற்றுப்பை மடித்து வைத்திருக்கலாம். அங்கே எதையும் திணிக்கக் கூடாது.

ஐந்தாவது, டயர். பழைய டயர் தேயும்வரை காத்திருந்து இதைச் செய்தேன். 215/45 ஆர்17 டயரை எடுத்துவிட்டு, 16 அங்குலச் சக்கரத்தில் 205/55 ஆர்16 போட்டோம். மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பக்கச் சுவர் 97 மில்லிமீட்டரிலிருந்து 113 ஆயிற்று. ஒரு விரல் கனம் மெத்தை கூடிற்று. சின்னச் சக்கரம் பிரேக்கில் இடிக்காதா, காரின் கையேடு இந்த அளவை அனுமதிக்கிறதா என்று பார்த்தே செய்ய வேண்டும்.

ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் சத்தத்தின் அளவை ஒரு சீட்டில் அச்சிட வேண்டும் என்று 2012 நவம்பர் முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த எண், கார் கடந்து போகும்போது வெளியே பதிவாகும் சத்தம். உள்ளே இருப்பவர் காதுக்கு அல்ல. கான்டினென்டல், மிஷெலின், பிரெல்லி போன்ற கம்பெனிகள் டயருக்கு உள்ளேயே ஃபோம் ஒட்டி, அந்தக் குடத்து ரீங்காரத்தை அடக்கும் டயர்களும் செய்கின்றன. விலை கூடுதல்; பஞ்சர் ஒட்டுவதும் எல்லாக் கடையிலும் நடக்காது. நான் அதற்குப் போகவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். செல்போனில் சத்தம் அளக்கும் கருவி ஒன்றை இறக்கி, அதே சாலையில், அதே 80-ல், அதே முன் சீட்டில் முன்னும் பின்னும் அளந்தேன். செல்போன் கணக்கு துல்லியமல்ல. ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முன்பு 72, இப்போது 68.

"இத்தனை பாடுபட்டு நாலுதானா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். டெசிபல் கணக்கு, நம் காய்கறிக் கணக்கு மாதிரி இல்லை. 4 குறைந்தால் ஒலியின் சக்தியில் ஐந்தில் மூன்று பங்கு போய்விட்டது என்று அர்த்தம். நல்ல காது உள்ளவருக்கு அது 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற அளவுதான். ஆனால் பேச்சு புரிவதற்கும் புரியாததற்கும் நடுக்கோட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு, அந்த நாலு டெசிபல் ஒரு சுவருக்கும் ஒரு கதவுக்கும் உள்ள வித்தியாசம். காதுக் கருவியைச் சரிபார்த்த நிபுணரும் பிரயாணத்துக்கென்று தனி அமைப்பு ஒன்றை வைத்துக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்தது.

போன மாதம் போகும்போது டப்பா கைப்பையிலிருந்து வெளியே வரவில்லை. மரக்காணம் அருகே வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்சம் வேகமாப் போனா என்னவாம்?" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். "எனக்குக் கேக்கறதுடா!" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது பெரியவர் காரில் ஏறியதும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாரா என்று ஒரு நாள் கவனியுங்கள். தூக்கம் வருகிறது, களைப்பாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். காது கேட்கவில்லை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். பூஜை அறை போன்ற கார் நமக்கு வேண்டாம். டயரில் சரியான காற்று, முன் சீட்டில் ஓர் இடம், நிதானமான வேகம்: இந்த மூன்றுக்கும் காலணாச் செலவில்லை. இன்றைக்கே ஆரம்பிக்கலாம். மற்றதற்கு ஒரு நல்ல பட்டுப்புடவை விலை ஆகும். அதை உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து வசூலிக்கும் வழியை நான் சொல்லித்தர வேண்டியதில்லை!