கோடு போட்ட கை எழுதிய வரி

ஆங்கில வகுப்பில் ‘குரூப் ஒர்க்’ எப்படி நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேர் ஒரு குழு. ஆங்கிலம் தெரிந்தவன் எழுதுவான். கையெழுத்து நன்றாக இருப்பவள் அதை சார்ட்டில் பார்த்து எழுதுவாள். ஒருவன் கடைக்குப் போய் ஸ்கெட்ச் பேனா வாங்கி வருவான். மற்ற இருவர் ஸ்கேல் பிடித்துக் கோடு போடுவார்கள். மதிப்பெண் ஐவருக்கும் ஒன்றுதான். ஆனால், யார் கற்றுக்கொண்டார்கள்?

1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் சுட்டிக்காட்டினார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை. வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து, மேலும் கீழுமாக அடுக்குகிறது. அந்த அடுக்கை ‘குழுச் செயல்பாடு’ என்ற பெயரில் வகுப்பறைக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறோம்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அரசு கொண்டுவந்து வைத்த அடுக்குமாடிகள் அங்கே நிற்கின்றன. அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பில் ஆங்கிலக் கவிதை ஒன்றைச் சேர்ந்து எழுதச் சொன்னேன். தலைப்பு மழை. ஐந்து பேருக்கு ஒரே தாள். விதிகள் மூன்று. ஆளுக்கு ஒரு வரி; தாள் இரண்டு முறை சுற்றி வரும். ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் தமிழில் சொல்லலாம், குழு தேடித் தரவேண்டும். பிழையை யாரும் திருத்தலாம். ஆனால், எழுதியவரைக் கேட்காமல் ஒரு வரியையும் அடிக்கக்கூடாது.

நன்றாக ஆங்கிலம் எழுதும் பையன் மழை அழகானது என்று ஆரம்பித்தான். எப்போதும் “நான் கோடு போடுறேன்க்கா” என்று ஒதுங்கிக்கொள்ளும் பெண்ணிடம் தாள் போனது. நெடுநேரம் கழித்து எழுதினாள்: “ரெயின் நோ அவர் ஓல்டு ஹவுஸ்.” பையன் பேனாவை எடுத்தான். “மழைக்கு எப்படிக்கா வீடு தெரியும்?”

“அவளைக் கேளு” என்றேன்.

“கூவத்தாண்ட இருந்தப்போ மழை பெஞ்சா தண்ணி நேரா வீட்டுக்குள்ளதான் வரும். வழி தெரியாமலா வருது?” என்றாள்.

அவன் ‘நோ’வுக்குப் பின்னால் ஓர் ‘எஸ்’ மட்டும் சேர்த்தான். வரி நின்றது. அடுத்த சுற்றில், மழை கதவைத் தட்டாமல் வருகிறது என்று எழுதினான். அவள் வரி இல்லாமல் அவனுக்கு அந்த வரி கிடைத்திருக்காது. இலக்கணத்தை அவனிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டாள். பார்வையை அவளிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டான். குழுவாக வேலை செய்வது என்றால் இதுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை, அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. அவசியமான பரிந்துரை. ஆனால், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள்? ஒருவர் சொல்லுக்காக இன்னொருவர் காத்திருக்கும் வேலை ஒன்று வேண்டும்.

சேர்ந்து பாட்டுக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. நடவு வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்வார்கள். ஒப்பாரியில் ஒருத்தி நிறுத்திய இடத்தில் இன்னொருத்தி தன் துக்கத்தைச் சேர்ப்பாள். நம் பாட்டிகள் அறிந்த கலையைத்தான் ஆங்கிலத்தில் செய்து பார்க்கிறோம்.

தம்பி தங்கைகளே, கடைசியாக நம் அமைப்புகளையும் பார்ப்போம். துண்டறிக்கை எழுதுவது யார்? இரவில் பசைவாளி தூக்குவது யார்? கூட்டத்துக்கு டீ வாங்கிவரச் சொல்வது யாரிடம்? அடுத்த துண்டறிக்கைக்கு ஒரே தாளை எல்லோர் கையிலும் கொடுங்கள். பசைவாளி தூக்குபவரின் வரியும் அதில் இருக்கட்டும். அதை அடிக்கத் தோன்றினால், முதலில் அவரைக் கேளுங்கள்.

ஜெய்பீம்.