தொண்ணூறு தென்னை உயரம்

கடற்கரை மணலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலை என்பது கலண்டர் படமாகவே இருந்து வந்தது. கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே பார்த்தால் வயல். வானம் தெளிந்த நாட்களில் வயலுக்கு அப்பால் நீலக்கோடு போல் மங்கலாகத் தெரிவதுதான் எங்கள் மலை. எங்கள் பகுதி மூத்த தலைமுறையில் ஹஜ்ஜுக்காக மக்கா வரை போய் வந்தவர்கள் உண்டு. நுவரெலியாவைப் பார்த்தவர்கள் குறைவு. என் உம்மாவும் அப்படித்தான்.

கொரோனா முடிந்தது, 2022 இன் எரிபொருள் வரிசைகளும் முடிந்தன. பிள்ளைகள் எங்குமே போகவில்லை என்ற பேச்சை 2024 இல் ஒரு பாடசாலை விடுமுறையில் தங்கச்சிதான் தொடங்கினாள். எங்கள் ஊர் வழக்கப்படி உம்மா இருப்பது அவளோடுதான். "எனக்கென்னத்துக்கு? புள்ளையளக் கூட்டிட்டுப் போங்க" என்று உம்மா மறுத்தார். "உம்மம்மா வராட்டி நானும் வரல்ல" என்று தங்கச்சியின் இளைய மகள் பிடித்த பிடிவாதம் வென்றது. மடியில் இரண்டு பேரையும் சேர்த்துப் பதினான்கு பேர், ஒரு வாடகை வான். இஷாவுக்குப் பிறகு புறப்பட்டோம்.

மகியங்கனை, பதுளை, வெலிமடை என்று பாதை வளைந்து வளைந்து ஏறியது. வெலிமடை தாண்டியதும் இருட்டுக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"நாம போற ஊர் கடலுக்கு எவ்வளவு உசரம் மகன்?"

"1,868 மீற்றர் உம்மா."

மீற்றர் கணக்கு உம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் வியாபாரம் செய்யும் மச்சான்தான் விளங்கப்படுத்தினார்: "தொண்ணூறு தென்னைய ஒண்டுக்கு மேல ஒண்டா வெச்சாப்போல மாமி."

உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வராது" என்றார்.

எது வராது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் வந்ததை உம்மா தென்னை உயரம் என்றுதான் சொல்வார். எங்கள் கடைசித் தம்பியைக் கொண்டு போனது அது. அதன் பிறகு உம்மா கடற்கரைப் பக்கம் போனதில்லை; வீட்டின் கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்ததுமில்லை. பெருநாள் மாலைகளில் ஊரே கடற்கரையில் இருக்கும்போது அவர் அடுப்படியில் இருப்பார்.

சுபஹ் நேரத்தில் நகரத்துப் பள்ளிவாசலை அடைந்தோம். வுளூச் செய்யக் குழாயைத் திறந்தவர்கள் போட்ட சத்தத்தில் வானில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் விழித்துவிட்டார்கள். வாயிலிருந்து புகை வருவதைக் கண்ட என் மகன், ஒரு பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு சுருட்டுக்காரனாகிவிட்டான். தெருவோரக் கம்பளி உடுப்புக் கடையொன்றில் உம்மாவுக்கு ஒரு கத்தரிப்பூ நிறச் சட்டை வாங்கினோம். சாரிக்கு மேலே அதைப் போட்டு, அதற்கு மேல் முக்காட்டை இழுத்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று உம்மா சிரித்தார். கடைக்காரர் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கினார். பழைய உம்மாவைப் பார்த்ததுபோல் இருந்தது.

பகலில் கிரகரி வாவிக்குப் போனோம். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல் அமைக்கப்பட்ட வாவி அது. படகுக்கும் குதிரைக்கும் கேட்ட காசு பதினான்கு பேருக்குக் கட்டுப்படியாகாது. அடுத்தவர்களின் படகுகளை எண்ணுவதே பிள்ளைகளுக்கு விளையாட்டாயிற்று. புல்லில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைத் திறந்தோம். மாட்டிறைச்சிக் கறியின் கொழுப்பு வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. எங்கள் ஊர் வெக்கையில் யாரும் காணாத காட்சி. "கறிக்கு நரை வந்திரிக்கி" என்றாள் தங்கச்சியின் மகள். அதற்குச் சிரித்த சிரிப்பில் சோறு புரைக்கேறியது.

உம்மா தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "அலையில்ல, என்ன மகன்?" என்று ஒரு தடவை கேட்டார். புறப்படும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

திரும்பும் வழியில், ஹக்கலைக்கு அப்பால் மரக்கறிக் கடையொன்றில் நிறுத்தினோம். கழுவிய கரட் இலையோடு கட்டுக்கட்டாய், பீட்ரூட், லீக்ஸ், கோவா. தோட்டத்துப் பெண் ஒருத்தி விற்றுக்கொண்டிருந்தாள்.

"எங்கேருந்து வாறீங்கம்மா?"

"கல்முனை, புள்ள."

"அது கடல் பக்கமுங்களா? நான் கடலையே பாத்ததில்லைங்கம்மா. எப்புடி இருக்கும்?"

தங்கச்சி சட்டென்று கரட் விலையைக் கேட்டாள். அது பெண்ணின் காதில் விழவில்லை. அவள் உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடியக்காலையில பாக்கணும் புள்ள" என்றார் உம்மா. "கரைவலை இழுக்கக்க, வெள்ளியக் கொட்டினாப்போல மீன் துள்ளும். சூரியன் தண்ணிக்குள்ள இருந்துதான் வரும், நனஞ்ச மாதிரி. நிலாக் காலத்தில மணலெல்லாம் பால் மாதிரிக் கிடக்கும்..."

இருபது வருடங்களாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பேச்சு அது. சொல்லிமுடிக்கும்வரை வானுக்குள்ளிருந்த பிள்ளைகள்கூட மூச்சு விடவில்லை. அந்தப் பெண் ஒரு பிடி லீக்ஸைக் காசில்லாமல் பைக்குள் வைத்தாள். உம்மா டப்பாவில் மிஞ்சியிருந்த மஸ்கட்டை அவள் கையில் கொடுத்தார். "ஒரு நாளைக்கு வாங்க புள்ள, நான் காட்டுறன்" என்றார்.

பயணத்தில் பார்க்க வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்த இடங்களில் பாதியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. உறைந்த கறி, பென்சில் சுருட்டு, இந்த ஒரு பேச்சு: வீட்டில் இன்றும் நினைவுகூரப்படுபவை இவைதான். இவற்றுக்கு ரிக்கட் வாங்க வேண்டியிருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையே சரிந்து வீடுகளின் மேல் விழுந்ததைத் தொலைக்காட்சியில் கண்டோம். நுவரெலியா, வெலிமடை என்று பெயர்கள் வரவர உம்மா கிட்டப் போய் உட்கார்ந்தார்.

"அந்தக் கரட் விக்கிற புள்ள?"

அவளுடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. உம்மாவின் துஆவில் அவள் "அந்தப் புள்ள"யாகவே சேர்ந்துகொண்டாள்.

மலையகத்துக்கு அனுப்ப ஊரில் பொருட்கள் சேர்த்தார்கள். அரிசி, பருப்போடு உம்மா அந்தக் கத்தரிப்பூச் சட்டையையும் மடித்து வைத்தார். நினைவுக்கு இருக்கட்டுமே என்று தங்கச்சி தடுத்தாள்.

"இஞ்ச வெச்சு என்ன செய்ய?" என்றார் உம்மா. "அங்கதானே குளிர்."