குறிப்பேட்டில் நுழையும் பிறர் கை

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியாவைத் தாக்கியபோது ஊர் மருத்துவமனையும் அதற்குத் தப்பவில்லை. அந்நாளைக் கண்டோரின் வாய்மொழிகளைத் தொகுக்க முற்படும் ஆய்வு மாணவி ஒருத்தி, நனைந்தால் அழியும் தாளை விட்டுக் கணினியை நாடுவது இயல்பே. ஆயின் நீருக்கு அஞ்சிக் கணினியுட் புகுந்த குறிப்புகளுக்கு அங்கும் ஓர் அச்சம் உண்டு. அது செருகுநிரல்களின் வழியே வருவது.

2020 இல் வெளிவந்த ஒப்சிடியன் போன்ற குறிப்பேட்டு மென்பொருள்கள், தம்மிடம் இல்லாத வசதிகளைப் பிறர் எழுதிய செருகுநிரல்களால் நிரப்பிக்கொள்ள இடந்தருவன. அவை வேண்டியதேயில்லை என ஒதுக்குவது தமிழில் எழுதுவோர்க்கு எளிதன்று. இலங்கையிற் பல்லாண்டுகளாகக் கணினியில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில் உள்ளது. திரையில் தமிழாகத் தோன்றினும் கணினிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே. யூனிகோட்டுக்கு மாற்றாவிடின் தேடலுக்கு அகப்படா. தொலைதேசத்து மென்பொருளாளர் இக்குறையை நினைத்திருப்பார் என எதிர்பார்ப்பது வீண்.

இடர் எங்குளது எனின், எழுத்தை மாற்றும் செருகுநிரலுக்கு வேண்டுவது ஒரு பந்தி மட்டுமே. கொடுக்கப்படுவதோ முழு வீட்டின் திறவுகோல். செருகுநிரல் கணினியின் கோப்புகளை அணுகலாம், இணையத்தோடு தொடர்புகொள்ளலாம், வேறு நிரல்களை நிறுவவுங்கூடும் என ஒப்சிடியனின் விளக்கவுரையே கூறுகின்றது. அதனாலேயே தொடக்கத்தில் அவை முடக்கி வைக்கப்பட்டுள்ளன. முடக்கத்தை நீக்கச் சில சொடுக்குகள் போதும். அவசரத்தில் எச்சரிக்கையை வாசிப்பார் யார்?

எழுதியவர் நல்லவர் என்பதும் காப்பாகாது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் எனும் நிரற்றொகுதியை ஆக்கியவர், உதவ முன்வந்த அறிமுகமற்ற ஒருவரிடம் அதன் பராமரிப்பை ஒப்படைத்தார். 2018 இல் அப்புதியவர் புகுத்திய நச்சுநிரல், கோபே எனும் மின்பணப்பையைக் குறிவைத்து பிட்கொயின் திருட முயன்றது. செருகுநிரலைப் புதுப்பிக்கும் எந்த வேளையிலும் இத்தகைய கைமாற்றம் முன்பே நிகழ்ந்திருக்கலாம். திரையில் அதற்கு அறிகுறி இராது.

பணம் போனால் இழந்தவர் அறிவார். வாய்மொழி களவு போனாற் சொன்னவர் அறியவே மாட்டார். பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாயும், நிவாரணப் பங்கீட்டின் குறையைப் பெயர் வெளிவராது எனும் உறுதியின்பேரில் எடுத்துரைத்தவரும் நம்பியது எதிரே அமர்ந்திருந்த மாணவியை. எங்கோ இருக்கும் நிரலாளரை அன்று. கிண்ணியா போன்ற ஊரிற் பெயரை நீக்கினாலும் தெருவும் தொழிலும் ஆளைக் காட்டிவிடும்.

வாய்மொழிகளுக்குத் தனிப் பெட்டகம் வகுத்து, செருகுநிரல்களை வேறொன்றில் வைத்தாற் போதும் என்பாருமுளர். அது பொருந்தாது. பெட்டகத்தின் எல்லையிற் செருகுநிரல் நிற்க வேண்டும் என்ற நியதி இல்லை. கணினியே வேறாதல் வேண்டும். பழைய பாமினிக் கட்டுரைகளை மாற்றும் வேலையைப் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் முடித்து, வெற்றுரைக் கோப்புகளாக எடுத்துவரலாம். அவை முன்பே அச்சேறியவை. எவர் பார்த்தாலும் கேடில்லை. வாய்மொழிகள் அங்கே போகவேண்டியதில்லை.