தழும்பின் சாட்சியம்

என் மாமாவின் முதுகில் மூன்று தழும்புகள் உள்ளன. கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை பார்த்த அவர், மூன்று மாதங்கள் யாதொரு சேதியுமின்றி இருந்து, 2008ஆம் ஆண்டு அற்றனுக்கு அருகிலுள்ள எமது லயத்துக்குத் திரும்பினார். "கடை அடுப்பிலே சுட்டுருச்சு" என்றார். அம்மாயி தேங்காயெண்ணெய் தடவினாள், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வயதுச் சிறுவனாகிய நானும் அதனை நம்பினேன்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தீர்ப்பைப் படிக்க நேர்ந்தது. 2011இல் ஐக்கிய இராச்சியத்திற் புகலிடம் கோரிய இலங்கைத் தமிழர் ஒருவர், காய்ச்சிய இரும்புக் கம்பியாற் சுடப்பட்டதாகக் கூறினார். முதுகில் ஐந்து, வலக்கையில் இரண்டு தழும்புகள். கைத்தழும்புகளின் ஓரம் மங்கலாகவும் முதுகுத் தழும்புகளின் ஓரம் தெளிவாகவும் இருந்தன. நினைவுள்ளபோது உடல் துள்ளும், மயங்கியபின் அசையாது. அவர் கூறிய கதையும் அவ்வாறே அமைந்ததென மருத்துவர் எழுதினார். எனினும், பிறரைக் கொண்டு தாமே சுட்டுக்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுப்பப்பட்டது. 2019 மார்ச்சில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அத்தகைய செயல் மிக அரிது என்பதற்குத் தக்க மதிப்பளிக்க வேண்டுமெனக் கூறி, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பியது.

சித்திரவதையை மருத்துவர் எங்ஙனம் ஆராய்ந்து பதிவுசெய்ய வேண்டும் என்பதை 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை வகுத்துரைக்கின்றது. காயமும் கூற்றும் 'பொருந்தவில்லை' என்பது தொடங்கி, 'வேறெதனாலும் நேர்ந்திருக்க இயலாது' என்பது வரை அது படிநிலைகளை வகுக்கின்றது. மருத்துவர் நீதிபதியல்லர், ஆயினும் நீதிபதி காண இயலாததை அவர் காண்கின்றார்.

விடுமுறையில் ஊர் சென்றபோது மாமாவின் முதுகை நோக்கினேன். மூன்று கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, ஓரம் தெளிவாக. அடுப்பு அவ்வளவு ஒழுங்காகச் சுடுமோ? தயங்கித் தயங்கிக் கேட்டேன். நெடுநேரம் மௌனமாயிருந்தார்.

"அப்ப கேட்டு எழுதி வைக்க யாரு இருந்தா தம்பி?" என்றார்.

சித்திரவதையைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டில் 1994இலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆனால், மாமாவை எந்தச் சட்ட மருத்துவ அதிகாரியும் பரிசோதிக்கவில்லை. கடல் கடந்து புகலிடம் கோரியவருக்கேனும் ஐயுறுவதற்கு ஓர் அறிக்கை இருந்தது. லயத்துக்குத் திரும்பியவருக்கு அதுவும் இல்லை.

அம்மாயி இன்றில்லை. கொழுந்து பறித்துத் தேர்ந்த அவள் விரல்கள் அன்றே அனைத்தையும் அறிந்திருக்கும் என்றே எண்ணுகின்றேன். அவள் கேளாதது அறியாமையாலன்று.